கோப்பு ஒன்று, கைகள் பல

1960களின் நடுப்பகுதியில் ஒரு நாள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். வழக்கமாக உள்ளே நுழைந்ததும் அன்றைய அறிவிப்பு ஒன்று அவர்களுடைய முனையத்தில் வரும். அன்று அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், அந்த அமைப்பைப் பயன்படுத்தும் அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து விழுந்தன. யாரும் திருடவில்லை, இயந்திரமும் பழுதாகவில்லை. பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வதற்காக உருவான முதல் அமைப்புகளுள் ஒன்றான சி.டி.எஸ்.எஸ். அது. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல் அதை இயக்கிக் காட்டியிருந்தது. அதில் இருந்த எடிட்டர் நிரல், ஒருவர் ஒரு கோப்பைத் திருத்தும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற நினைப்பில் எழுதப்பட்ட நிரல் அது. பிற்பாடு நிர்வாகிகளின் கோப்பகத்தில் மட்டும் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழி திறக்கப்பட்டது. ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில் இன்னொருவர் பாஸ்வேர்டு பட்டியலைத் திருத்தினார். ஒரே பெயர் கொண்ட இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பட்டோ இந்தச் சம்பவத்தைத் தாமே விவரித்தார்.

இந்தச் சம்பவத்தில் ஒரு பைட் கூட அழியவில்லை. கொடுத்ததை எல்லாம் இயந்திரம் ஒழுங்காகவே வைத்திருந்தது. ஒரே இடத்தில் இருவர் கை வைக்கும்போது யாருடைய மாற்றம் எங்கே போய்ச் சேர வேண்டும், யார் கண்ணில் எது படலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லாததுதான் கோளாறு. இன்று கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் என்று எதைத் திறந்தாலும் அதே இரண்டு கேள்விகள்தான் அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோப்பைத் தொலையாமல் வைத்திருப்பது இயற்பியலும் கணிதமும் சேர்ந்து ஏறக்குறைய தீர்த்துவிட்ட சிக்கல். அந்தக் கோப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது அப்படித் தீரவில்லை. இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் தீரவும் தீராது. ஏனென்றால் அங்கே விடை வேண்டியிருப்பது மனிதர்கள் எதை நினைத்தார்கள், எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு. இந்த அத்தியாயம் அந்த வாதத்தைப் படிப்படியாக நிறுவ முயல்கிறது.

முதலில் தீர்ந்துவிட்ட பாதியைப் பார்த்துவிடலாம். அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்-3 என்ற சேமிப்புச் சேவை, ஓர் ஆண்டில் ஒரு கோப்பு பிழைத்திருக்கும் வாய்ப்பு 99.999999999 சதவீதமாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோடி கோப்புகளை அங்கே வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுகளில் ஒன்று தொலையலாம் என்பது அதன் பொருள். தனித்தனி ஹார்டு டிஸ்க்குகள் தினமும் பழுதாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் கோப்பு தப்பிக்கிறது. இதன் பின்னால் இருப்பது இர்விங் ரீடு, குஸ்தவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட குறியீட்டு முறை. ஃபேஸ்புக் தன் பழைய படங்களையும் வீடியோக்களையும் வைக்க உருவாக்கிய ஏற்பாடு இதற்கு நல்ல உதாரணம். தரவை 10 துண்டுகளாக வெட்டி, அவற்றிலிருந்து கணக்கிட்டு மேலும் 4 துண்டுகளை உண்டாக்கி, 14 துண்டுகளையும் வெவ்வேறு இடங்களில் வைக்கிறார்கள். அவற்றுள் எந்த 10 துண்டுகள் கிடைத்தாலும் முழுத் தரவையும் திரும்பக் கட்டிவிடலாம். முழுப் பிரதி இரண்டு வைத்தால் இரு மடங்கு இடம் வேண்டும். அதிலும் பாதுகாப்பு குறைவு. இங்கே 1.4 மடங்கு இடத்திலேயே நான்கு துண்டுகள் ஒரே நேரத்தில் அழிந்தாலும் தாங்கும்.

கோப்பை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் ஏறக்குறைய இதே அளவுக்குக் கைவந்துவிட்டது. டிராப்பாக்ஸ் ஒரு கோப்பை 4 எம்.பி. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 என்ற கணக்கீட்டின் மூலம் ஒரு கைரேகையை எடுத்துக்கொள்கிறது. துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். எந்தத் துண்டின் கைரேகை சர்வரில் ஏற்கெனவே இருக்கிறதோ, அதை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. மாறியதை மட்டும் அனுப்பும் இந்த எண்ணத்துக்கு, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் நிரல் புகழ்பெற்ற முன்னோடி. மெதுவான இணைப்பிலும் பெரிய கோப்பு சட்டென்று புதுப்பிக்கப்படுவது இதனால்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைரேகை சொல்வது ‘இந்தத் துண்டு மாறியிருக்கிறது’ என்ற செய்தியை மட்டுமே. மாறியது நல்லதற்கா, தவறுதலாகவா, மாற்றியவருக்கு அதற்கு உரிமை உண்டா என்பதெல்லாம் அந்தக் கணக்கீட்டுக்கு வெளியே நிற்கும் சங்கதிகள்.

தீராத பாதி இங்கே தொடங்குகிறது. ஒரு சங்கத்தின் வரவு செலவுக் கோப்பைச் செயலாளரும் பொருளாளரும் பகிர்ந்து வைத்திருப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் இருவருமே ஒரு தொகையைத் திருத்துகிறார்கள். இணைப்பு வந்ததும் இரண்டு திருத்தங்களும் சர்வருக்கு வருகின்றன. கடைசியாகத் திருத்தியவருடையதை வைத்துக்கொள்வோம் என்றால், யார் கடைசி? செயலாளரின் மடிக்கணினி 10.05 என்கிறது, பொருளாளரின் கைபேசி 10.02 என்கிறது. மடிக்கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடினால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டார். தனித்தனியே இயங்கும் கருவிகளுக்கு நம்பத்தக்க பொதுக் கடிகாரம் கிடையாது. ஒன்றிலிருந்து புறப்பட்ட செய்தி இன்னொன்றை அடைந்திருந்தால்தான் முதலில் நடந்தது எது, பிறகு நடந்தது எது என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் அவர். ஒருவருடைய திருத்தம் மற்றவருக்குத் தெரியாமலே நடந்திருந்தால், அவற்றுக்குள் முன்பின் என்பதே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை என்றுதான் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கருவியும் எத்தனை திருத்தம் செய்தது என்பதை எண்ணிக்கொண்டே வரும் முறை 1980களில் உருவானது. அதன் உதவியால் மோதல் நடந்திருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் பிழையில்லாமல் கண்டுபிடித்துவிடும். யார் பக்கம் நியாயம் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

மோதலே நேராதபடி தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒருவர் திறந்ததும் மற்றவர்களுக்குக் கோப்பைப் பூட்டிவிடலாம். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பூட்டைத் திறக்காமல் மதிய உணவுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னும் ஆழமான தடையும் உண்டு. எரிக் புரூவர் 2000இல் ஓர் ஊகமாக முன்வைத்ததை சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் 2002இல் கணித வழியில் நிறுவினார்கள். வலையமைப்பு இடையில் அறுந்துபோனால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எல்லோரும் ஒரே பிரதியைப் பார்க்க வேண்டும் என்றால், இணைப்பு திரும்பும்வரை சிலர் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்கக் கூடாது என்றால், பிரதிகள் சற்று நேரம் வேறுபட்டுத்தான் இருக்கும். எந்தக் கம்பெனியும் எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்ப முடியாது. ரயிலில் போகும்போதும் கோப்பைத் திருத்த முடிகிற வசதி வேண்டும் என்று நாம் கேட்கும்போது, மோதலுக்கும் சேர்த்தே சம்மதம் தந்துவிடுகிறோம்.

அந்தச் சம்மதம் எவ்வளவு ஆபத்தானது என்று அளந்து பார்த்தவர்களுள் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே அவருடைய குழு உருவாக்கிய கோடா என்ற கோப்பு அமைப்பு, இணைப்பு அறுந்த நிலையிலும் வேலையைத் தொடர விட்டு, இணைப்பு வந்ததும் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். இன்றைய கிளவுட் சேமிப்பு செய்யும் வேலையின் கரு அது. அப்படி விட்டால் மோதல்கள் குவிந்துவிடாதா என்ற ஐயத்துக்கு விடை தேடி, ஜேம்ஸ் கிஸ்லரும் அவரும் தங்கள் வளாகத்தின் கோப்புப் பயன்பாட்டை ஓராண்டு அளந்தார்கள். 99 சதவீதத்துக்கு மேற்பட்ட திருத்தங்களை, அந்தக் கோப்பைக் கடைசியாகத் திருத்திய அதே ஆள்தான் செய்திருந்தார். ஒரு நாளுக்குள் இரு வேறு ஆட்கள் ஒரே கோப்பைத் திருத்தும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். மோதல் அபூர்வம், ஆகவே முதலில் விட்டுவிடு, மோதினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் அடித்தளம் ஆயின.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு மோதல் ஒரு பெரிய விஷயமே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அது சராசரியின் ஏமாற்று. ஒருவருடைய கணக்கில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் பெரும்பாலானவற்றை வேறு யாரும் தொடப்போவதில்லை. அவை சராசரியைக் கீழே இழுத்துவிடுகின்றன. மோதல்கள் எல்லாம் ஒரு சில கோப்புகளில்தான் நெரிசலாகக் குவியும். பட்ஜெட் அட்டவணை, ஊழியர் பணிப்பட்டியல், ஒப்பந்த வரைவு, தேர்வு மதிப்பெண் பட்டியல் ஆகியவை அந்த ரகம். பலருக்கு வேண்டியிருப்பதால்தானே அவை பகிரப்பட்டன! எவை பலருக்கு முக்கியமோ அவைதான் மோதுகின்றன. இத்தகைய இடத்தில் டிராப்பாக்ஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டு திருத்தங்களில் ஒன்றை அசல் பெயரிலேயே விட்டுவிட்டு, மற்றதை ‘முரண்பட்ட பிரதி’ என்ற பெயரோடு பக்கத்தில் வைத்துவிடுகிறது. பலருக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு இது. ஆனால் நேர்மையானது. ‘உங்களில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது, நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்’ என்று இயந்திரம் கையை விரிக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கூகுள் டாக்ஸ் வந்த பிறகு இந்தப் பேச்சே தேவையா என்பார்கள். ஐந்து பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்கிறார்கள். முரண்பட்ட பிரதி எதுவும் முளைப்பதில்லை. உண்மைதான். இதற்கான அறிவியலை கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் 1989இல் முன்வைத்தார்கள். கோப்பை முழுதாக அனுப்பாமல், ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்’, ‘இந்த இடத்தில் இருப்பதை நீக்கு’ என்று ஒவ்வொரு செயலையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். இடையில் வேறொருவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப அந்தச் செயலின் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 2011இல் மார்க் ஷப்பிரோவும் சக ஆய்வாளர்களும் வேறொரு வழியை முறைப்படுத்தினார்கள். செயல்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாப் பிரதிகளும் ஒரே முடிவுக்கு வரும்படி தரவின் அமைப்பையே வடிவமைக்கும் வழி அது. இரண்டுமே அழகான கணிதம். மைய சர்வர் இல்லாமலும் இரண்டாவது முறை வேலை செய்யும்.

இந்தக் கணிதம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை ஓர் எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். மேலே சொன்ன கணக்கில் ஒரு கட்டத்தில் 2500 என்று இருக்கிறது. தொகை 12500 என்று நம்பும் செயலாளர் முன்னால் ஒரு 1 சேர்க்கிறார். அதே நொடியில், தொகை 250தான் என்று நம்பும் பொருளாளர் மூன்றாவது இடத்தில் இருக்கும் பூஜ்யத்தை நீக்குகிறார். செயலாளரின் 1 முதலில் வந்து சேர்ந்துவிட்டால் எண் 12500 ஆகிவிடும். இப்போது மூன்றாவது இடத்தில் இருப்பது 5. ‘மூன்றாவது இடத்தை நீக்கு’ என்ற கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் 5 பறிபோய் 1200 மிஞ்சும். அது அபத்தம். எல்லிஸ்–கிப்ஸ் வழியில் சிந்திக்கும் நிரல் உஷாராக இருக்கிறது. முன்னால் ஓர் எழுத்து சேர்ந்துவிட்டது, ஆகவே நீக்க வேண்டியது நான்காவது இடம் என்று திருத்திக்கொள்கிறது. விடை 1250. இருவர் திரையிலும் 1250 தெரிகிறது. முரண்பாடு இல்லை, பிழைச் செய்தி இல்லை. ஆனால் ஒருவர் எழுத நினைத்தது 12500, மற்றவர் எழுத நினைத்தது 250. யாருமே நினைக்காத ஒரு தொகையில் இருவரையும் இயந்திரம் ஒற்றுமைப்படுத்திவிட்டது. இரண்டு பிரதிகளும் ஒன்றாகிவிடும் என்பதற்குக் கணிதம் உத்தரவாதம் தருகிறது. அது சரியான பிரதியா என்பதற்கு உத்தரவாதம் தர அதனால் இயலாது. முரண்பட்ட பிரதியாவது மோதல் நடந்ததைக் காட்டிக்கொடுத்தது. இங்கே அந்தத் தடயமும் இல்லை. நடைமுறையில் இந்த விபத்து அடிக்கடி நேராததற்குக் காரணம், அடுத்தவருடைய கர்சர் நகர்வது நம் கண்ணுக்குத் தெரிவதுதான். அதைப் பார்த்ததும் நாம் கையை எடுத்துக்கொள்கிறோம். மோதலைத் தவிர்ப்பதில் பெரும்பங்கு அங்கேயும் மனிதருடையதே.

சேர்ப்பதா நீக்குவதா என்ற இடத்திலும் இதே கதைதான். அமேசான் பொறியாளர்கள் தங்களுடைய டைனமோ என்ற தரவு அமைப்பைப் பற்றி 2007இல் வெளியிட்ட கட்டுரையில், கூடையில் வாடிக்கையாளர் சேர்த்த பொருள் ஒருபோதும் தொலையாதபடி பார்த்துக்கொண்டதாகவும், அதற்கு விலையாக, நீக்கிய பொருள் சில சமயம் திரும்பத் தலைகாட்டலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். கடைக்காரருக்கு அது பொருத்தமான முடிவு. மருத்துவமனையின் மருந்துப் பட்டியலுக்கு அதே விதியைப் பொருத்திப் பாருங்கள். நிறுத்தப்பட்ட மருந்து திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பிழையைத் தாங்கலாம், எதைத் தாங்கக் கூடாது என்பதை அந்தக் கோப்பை எதற்காக வைத்திருக்கிறோம் என்று அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

நீக்குதலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளவுடில் இருப்பதால் கோப்பு பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதனப் பழுதைப் பொறுத்தவரை அது சரி. மனிதக் கையைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. ஒத்திசைவு என்பது ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்துவது. ஒருவர் பகிர்ந்த ஃபோல்டரைக் காலி செய்தால், அந்தக் காலியும் அத்தனை கருவிகளுக்கும் விசுவாசமாகப் போய்ச் சேரும். ஒருவருடைய கம்ப்யூட்டரில் புகுந்த ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டால், பூட்டிய கோப்புகளே புதிய பதிப்பாக மேலேறும். குப்பைத்தொட்டியும் பழைய பதிப்புகளும் காப்பாற்றும்தான்; ஆனால் கெடு உண்டு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 2020 அக்டோபர் முதல் 30 நாள் கடந்தவற்றைத் தானாக அழித்துவிடுகிறது. கோப்பின் உரிமையாளர் யார் என்ற கேள்வியும் இதோடு பின்னிக்கிடக்கிறது. தனிநபர் கணக்கிலிருந்து பகிரப்பட்ட கோப்பு அந்த நபருடையது. அவர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கு மூடப்பட்டால், குழுவின் கைக்கு எட்டாமல் போகலாம். அதனால்தான் கூகுள் 2017இல் நிறுவனங்களுக்காக, ஆளுக்குச் சொந்தமாகாமல் குழுவுக்கே சொந்தமாக இருக்கும் தனிச் சேமிப்பிடத்தைக் கொண்டுவந்தது.

இனி இரண்டாவது கேள்வி: யார் பார்க்கலாம், யார் தொடலாம்? இதற்கு 1960களிலேயே இரண்டு விடைகள் பிறந்துவிட்டன. மல்டிக்ஸ் என்ற அமைப்புக்காக ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் இருவரும் 1965இல் வகுத்த கோப்பு முறையில், ஒவ்வொரு கோப்போடும் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அடுத்த ஆண்டே ஜாக் டென்னிஸ், ஏர்ல் வான் ஹார்ன் இருவரும் வேறொரு வழியைச் சொன்னார்கள். அனுமதியைக் கோப்பின் பக்கம் எழுதிவைக்காமல், பயன்படுத்துகிறவர் கையில் அடையாளமாகக் கொடுத்துவிடும் வழி அது. ரயிலின் முன்பதிவுச் சீட்டுக்கும் டவுன் பஸ் டிக்கெட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. முன்பதிவுச் சீட்டில் பெயர் இருக்கிறது, பரிசோதகர் அடையாள அட்டையைக் கேட்பார். பஸ் டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவர் பயணி. மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டுப் பகிர்வது முதல் வகை. ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்வது இரண்டாம் வகை. அந்த லிங்க்கே அனுமதி. அதை யார் யாருக்கு அனுப்பினார் என்று கோப்புக்குத் தெரியாது.

லிங்க் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருக்கும்வரை இரண்டாம் வகையிலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. நீளம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை மார்ட்டின் ஜார்ஜியெவ், விட்டாலி ஷ்மாட்டிகோவ் இருவரும் 2016இல் செய்து காட்டினார்கள். ஒன்டிரைவ் அப்போது பகிர்வதற்குச் சுருக்கமான லிங்க்குகளைத் தந்துவந்தது. ஆறு எழுத்துச் சுருக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் என 62 குறிகளை வைத்து மொத்தம் சுமார் 5,680 கோடி லிங்க்குகள்தான் இருக்க முடியும். மனிதருக்கு மலைப்பான எண்; தானாகத் துழாவும் நிரல்களுக்கு எட்டக்கூடிய எண். ஆய்வாளர்கள் அதிலிருந்து மாதிரி எடுத்துத் துழாவியபோது, யாரோ யாருக்கோ அனுப்பிய ஃபோல்டர்கள் வரிசையாகத் திறந்தன. அப்படித் திறந்தவற்றுள் சுமார் 7 சதவீதம், முன்பின் தெரியாதவர் எழுதவும் கூடிய நிலையில் இருந்தன. அங்கே ஒரு தீய நிரலைப் போட்டால், ஒத்திசைவே அதை உரிமையாளரின் கருவிகளுக்கு எடுத்துச் சென்றுவிடும். கூகுளும் 2021இல் பழைய லிங்க்குகள் பலவற்றுக்குக் கூடுதல் சாவி ஒன்றைச் சேர்த்து வலுப்படுத்த வேண்டி வந்தது.

லிங்க்கின் நீளத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம்; மறதியை என்ன செய்வது? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 100 பேரிடம் அவரவருடைய டிராப்பாக்ஸ் அல்லது கூகுள் டிரைவிலிருந்து ஆளுக்குப் பத்துக் கோப்புகளை எடுத்துக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். காட்டிய கோப்புகளில் பாதி அங்கே இருப்பதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். 83 சதவீதம் பேர் குறைந்தது ஒரு கோப்பையாவது அழித்துவிட விரும்பினார்கள்; 13 சதவீதம் பேர் ஒன்றையாவது பகிர்விலிருந்து விலக்க விரும்பினார்கள். தாங்களே கொடுத்த அனுமதி, தங்கள் விருப்பத்துக்கு மாறாக இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975இல் எழுதிய கட்டுரை, வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதியை மட்டும் கொடு என்ற விதியைக் கணினித் துறையில் நிலைநாட்டியது. அந்த விதியில் காலமும் அடங்கியிருக்கிறது. வேலை முடிந்ததும் தேவையான அனுமதி பூஜ்யம். ஆனால் வேலை எப்போது முடிந்தது என்பது சர்வருக்குத் தெரிய வழி ஏது?

இத்தனை கெடுபிடி வைத்தால் மக்கள் கிளவுடையே விட்டுவிட்டுப் பழையபடி வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கோப்பை இணைத்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அப்படி அனுப்பினால் பத்துப் பேரிடம் பத்துப் பிரதி. எது கடைசி என்று யாருக்கும் தெரியாது, எதையும் திரும்பப் பெறவும் முடியாது. பகிர்ந்த ஒற்றைக் கோப்பு இதைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆகவே எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்ட வேண்டும் என்பதல்ல இந்த அத்தியாயத்தின் வாதம். திருமண அழைப்பிதழை யார் பார்த்தால் என்ன? லிங்க் போதும். சம்பளப் பட்டியலுக்குப் பெயர் குறிப்பிட்ட அனுமதி வேண்டும். எது எந்த ரகம் என்று பிரிக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத்தான் இயந்திரத்தின் முன்னிருப்புத் தேர்வு நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் மறைகுறியாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்போருக்கும் இதே பதில் பொருந்தும். சேமித்து வைக்கும் கம்பெனியும் படிக்க முடியாதபடி பூட்டுவது நல்ல பாதுகாப்பு. ஆனால் பகிர்வது என்றாலே திறவுகோலை இன்னொருவரிடம் கொடுப்பது என்று பொருள். அவரிடமிருந்து அனுமதியைப் பின்னால் பறித்தாலும், அதற்குள் அவர் டவுன்லோட் செய்துகொண்ட பிரதியை எந்த மறைகுறியாக்கமும் எட்டிப் பிடிக்காது. நம்பிக்கைக்குரியவர் யார் என்ற முடிவைக் கணிதத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

ஆகவே கோப்பைப் பகிர்வது என்பது ஒரு பொருளைக் கொடுப்பதைவிட ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு நெருக்கமானது. ஒப்பந்தத்துக்குரிய விவரங்கள் அதிலும் இருக்க வேண்டும். கோப்பு யாருக்குச் சொந்தம்? திருத்தும் உரிமை யாருக்கு, பார்க்கும் உரிமை மட்டும் யாருக்கு? அனுமதி எந்த நாள்வரை? ஒத்திசைவுக்கு வெளியே தனிப்பிரதி எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக யார் திறந்து சோதித்தார்கள்? இந்த நான்குக்கும் குழுவில் உள்ள எல்லோரும் ஒரே விடை சொன்னால், எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும் பெரிய சேதம் வராது. ஆளுக்கொரு விடை சொன்னால், எத்தனை ஒன்பதுகள் கொண்ட உத்தரவாதமும் உதவாது. இந்தப் பக்கத்தை மூடியதும் உங்கள் கணக்கைத் திறந்து, நீங்கள் பிறரோடு பகிர்ந்த கோப்புகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். வேலை முடிந்துபோன அனுமதிகளை இன்றே எடுத்துவிடுங்கள். அதை உங்களுக்குப் பதிலாகச் செய்துதர எந்தச் சர்வராலும் முடியாது.